பம்பருக்கு 1கே கிளியரா, 2கே கிளியரா?

வீட்டிலேயே கார் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு, நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில்தான் குழப்பம். 1கே ஸ்பிரே கேனில் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் ரசாயனம்) கிடையாது. விலை குறைவு, மிச்சத்தை அப்புறமும் பயன்படுத்தலாம். ஆனால் பெட்ரோல் பட்டால் இளகிவிடும்.

2கே கேனில் ஹார்டனர் தனியாக அடைத்திருக்கும்; அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் அது உள்ளே கலக்கும். அதன்பிறகு கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும். பளபளப்பும் அதிகம், நாள்பட உழைக்கும். ஆனால் இதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, மூச்சுக்குழாய்க்கு மிகவும் கெடுதல். துணி மாஸ்க் போதவே போதாது. அதற்குரிய முகக்கவசமும் கையுறையும் இல்லையென்றால் தயவுசெய்து தொடாதீர்கள்.

மூலையில் சின்னக் கீறலா, 1கே போதும். முழு பம்பர் என்றால் என் தேர்வு 2கே, அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று போட்டிருப்பது. எதை எடுத்தாலும் சரி, பம்பரின் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடத்தில் முதலில் அட்ஹீஷன் புரமோட்டர் (பெயின்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடியுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் தோல் தோலாக உரிந்து வரும்.