ஸ்டெல்லா டி ஓரோ டேலில்லி: கோவைச் சமவெளிக்கு ஆகுமா?

டேலில்லி என்பது லில்லி போன்ற பூ விடும் தோட்டச்செடி. அதில் ஒரே பருவத்தில் மறுபடி பூக்கும் ரகம் என்றாலே முதலில் அடிபடும் பெயர் ஸ்டெல்லா டி ஓரோ. பொன்மஞ்சள் பூ, செடி 11 அங்குல உயரம்தான். அமெரிக்காவின் வால்டர் ஜப்லோன்ஸ்கி உருவாக்கி 1975இல் பதிவான ரகம். டேலில்லி ரகங்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் உயரிய விருதான ஸ்டவுட் வெள்ளிப் பதக்கத்தை 1985இல் பெற்றது. பனி கொட்டும் வடக்குத் தோட்டங்களில் கோடை குறுகியது. முதல் பூவைச் சீக்கிரம் முடிக்கும் செடிக்குத்தான் உறைபனிக்கு முன் அடுத்த பூங்காம்பு விட நாள் மிஞ்சும். அந்த வேலையை ஸ்டெல்லா அழகாகச் செய்கிறது.

நம்ம ஊரில் சிக்கல் குளிரில்தான். இது குளிர்காலத்தில் இலை முழுக்கக் காய்ந்து உறங்கும் வகை. கோவை, திருப்பூர், ஈரோட்டு மார்கழி அந்த உறக்கத்துக்குப் போதாது. உறக்கம் கெட்ட செடி வருஷத்துக்கு வருஷம் மெலியும், பூங்காம்பும் குறையும். ஆகவே சமவெளிக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். குளிர்காலத்திலும் இலை பச்சையாகவே நிற்கும் ‘எவர்கிரீன்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். மலைக்குளிர் உள்ள வால்பாறையில் ஸ்டெல்லாவை வைத்துப் பார்க்கலாம். அங்கே மழை அதிகம், மேட்டுப்பாத்தி இல்லாவிட்டால் அடி அழுகிவிடும்.

எந்த வகையானாலும் பார்சலைப் பிரித்ததும் வேரைப் பாருங்கள். விரல் விரலாகத் தடித்த வேர்கள் இருக்க வேண்டும். வெங்காயம்போல் உருண்டு வந்தால் அது டேலில்லியே அல்ல, திருப்பி அனுப்புங்கள். அமுக்கினால் கொழகொழவென்றிருப்பது அழுகல். இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தால் துரு நோய். அதைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது.

மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் நடலாம். குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து வேர்களைச் சுற்றிலும் பரப்புங்கள். வேரும் இலையும் சேரும் கழுத்து ஓர் அங்குலத்துக்குமேல் புதையக் கூடாது. ஆழம் போனால் பூ வராது. செடிக்குச் செடி ஒன்றரை அடி. காலை வெயில் நன்றாக விழட்டும், சித்திரை உச்சிவெயிலுக்கு மட்டும் நிழல் வேண்டும். தொட்டியில் பொள்ளாச்சி நார்க்கழிவு போடுகிறவர்கள் உப்புப் போக நன்றாக அலசிய பிறகே கலக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு: லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுசு. கடைசி மொட்டு உதிர்ந்ததும் காம்பை அடியோடு வெட்டுங்கள். விதைக்காய் பிடிக்க விட்டால் செடியின் சத்து அதற்கே போய் மறுபூ தள்ளிப்போகும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் இலைதான் மண்டும்.

பூனை வளர்க்கும் வீட்டுக்கு மட்டும் எந்த டேலில்லியும் வேண்டாம். கொஞ்சம் கடித்தாலே அதன் சிறுநீரகம் போய்விடும்.