வகுப்பா, சர்ச்சா, மேடையா: ஆக்லாந்தில் சமோவா மொழி கற்க எந்த வழி?

தெற்கு ஆக்லாந்தில் ஒன்பதாம் ஆண்டுக்குப் போகப்போகும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பட்டியலில் சமோவா மொழியும் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பத்தில் அந்தப் படிவம் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. “வீட்டில் பாட்டி பேசுகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் படிக்கிறான், பள்ளியிலும் எதற்கு?” என்று அப்பா கேட்டார். பையனுக்கோ பள்ளிகள் மேடையேறி ஆடிப்பாடும் பாலிஃபெஸ்ட் விழாவின் குழுவில் ஆடினால் போதும். அம்மா என்னிடம் வந்தார். என் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நான் படும் பாடு அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நியூஸிலாந்தில் ஆங்கிலத்துக்கும் மாவோரிக்கும் அடுத்து அதிகம் பேர் பேசும் மொழி சமோவாதான். ஆனால் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் சமோவா இனத்தவர் என்று பதிந்தவர்கள் 1,82,000க்கு மேல். மொழியைப் பேசுகிறவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். இந்த இடைவெளியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பாட்டி சொல்வது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். நம் வீடுகளிலும் இதே கதைதானே.

முதலில் சர்ச். 1830இல் லண்டன் மிஷன் சமோவாவுக்கு வந்ததிலிருந்து வேரூன்றியது போதகர் நடத்தும் பள்ளி. ஆக்லாந்துக்குக் குடிவந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். சுவரில் ஓர் எழுத்து அட்டவணை தொங்கும். ‘அ’வுக்கு ‘அதோ’, அதாவது கூடை. ‘எ’வுக்கு எலெஃபானே, யானை. யானையே இல்லாத தீவின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதைப் பாட்டாகவே பாடி எழுத்துக் கற்றிருக்கிறார்கள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அவர்களுக்குப் பிள்ளைகள் திருநாள். வெள்ளை உடுத்திய குழந்தைகள் சபையின் முன் நின்று, மனப்பாடம் செய்த வேத வசனங்களை ஒப்பிப்பார்கள். உச்சரிப்புக்கும், வாய்விட்டு வாசிப்பதற்கும், பெரியவர்கள் முன் கூச்சமில்லாமல் நிற்பதற்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொந்தமாக நாலு வாக்கியம் பேச வரும் என்று சொல்ல முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பலர் மெல்ல நழுவியும் விடுகிறார்கள்.

அடுத்தது வகுப்பு. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் ‘வீட்டில் பேசுகிறானே’ என்ற வாதம் தடுமாறுவது இங்கேதான். சமோவா மொழிக்கு இரண்டு பேச்சு உண்டு. வீட்டிலும் தெருவிலும் ‘க’ பேச்சு. பள்ளியிலும் வழிபாட்டிலும் எழுத்திலும் ‘த’ பேச்சு. வீட்டில் ஒரு மனிதரைக் ‘கஙக’ என்பார்கள், எழுதும்போது ‘தஙத’. நன்றி சொல்ல வீட்டில் ‘ஃபாஅஃபெகாய்’, மேடையில் ‘ஃபாஅஃபெதாய்’. பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் சுமக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பேச்சு மட்டும் தெரிந்த பையன் வகுப்பில் வாயைத் திறந்தவுடன் திருத்தப்பட்டால் மௌனமாகிவிடுவான். அந்த ஆபத்து வகுப்பில் உண்டு. வீட்டுப் பேச்சை மட்டம் தட்டாமல், அதன்மேல் இன்னொன்றைக் கட்டும் ஆசிரியர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அதற்கும் மேலே இருப்பது மரியாதைச் சொற்கள். சும்மா வீடு என்றால் ‘ஃபாலே’; உயர்ந்த பட்டம் உடைய தலைவரின் வீடு ‘மாஓதா’. தோழனை ‘ஸௌ’, வா என்று கூப்பிடலாம்; தலைவரை ‘ஸூஸூ மாய்’ என்று வரவேற்க வேண்டும்; அவர் சபையில் பேசும் உரைத் தலைவராக இருந்தால் ‘மாலியூ மாய்’. பாட்டி பேரனிடம் இந்தச் சொற்களைப் பேசவே மாட்டார், பேரன் தலைவர் இல்லையே! அதனால் வீட்டில் எத்தனை வருடம் கேட்டு வளர்ந்தாலும் இந்தப் பகுதி காதில் விழாமலே போய்விடலாம். வகுப்பில் இது பாடமாக வரும்.

தேர்வுப் பயனும் உண்டு. பல்கலைக்கழக நுழைவுக்கு, இங்குள்ள பள்ளித் தேர்வான என்சிஇஏவின் மூன்றாம் நிலையில் மூன்று பாடங்களில் தலா 14 கிரெடிட் புள்ளிகள் வேண்டும். அங்கீகரித்த பாடங்களில் சமோவாவும் ஒன்று. 2025 ஆகஸ்டில் என்சிஇஏ தேர்வு முறையையே மாற்றும் திட்டத்தை அரசு அறிவித்ததால், பள்ளியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் கேளுங்கள்: பள்ளியின் கடைசி ஆண்டான பதின்மூன்றாம் ஆண்டு வரை வகுப்பு நடக்குமா? எண்ணிக்கை குறைந்தால் மேல் வகுப்புகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள், அல்லது தொலைதூரப் பள்ளியான தே குராவுக்கு அனுப்புவார்கள். பேச்சு மொழியைத் திரையின் முன் தனியாக உட்கார்ந்து கற்பதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

சரி, மேடை. பாலிஃபெஸ்ட் 1976இல் ஓட்டாராவின் ஹில்லரி கல்லூரியில் தொடங்கியது. இன்று வழக்கமாக மார்ச் மாதம் வந்தால் மனுகாவ் மைதானத்தில் பள்ளிகள் திரள்கின்றன. சமோவா மேடையில் ஒரு குழு நடைபோட்டு நுழைவதிலிருந்து, உட்கார்ந்தபடி கைதட்டி ஆடும் ஸாஸா, பையன்கள் உடம்பில் அறைந்து ஆடும் ஃபாஅதௌபதி, கடைசியில் பெரிய தலை அலங்காரத்தோடு ஒரு பெண் ஆடும் தௌஅலுஙா வரை பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். வாரக்கணக்கில் ஒத்திகை, சனிக்கிழமைகளும் போகும். கூச்சப்படும் பிள்ளையை நிமிர வைக்க இதற்கு ஈடில்லை. சமோவா அல்லாத பிள்ளைகளையும் பல குழுக்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் விழா முடிந்தால் பாட்டும் முடிந்தது. வரிகளின் பொருள் தெரியாமலே அழகாகப் பாடி இறங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பு பிள்ளையைப் பொறுத்தது. மொழியே தெரியாத பிள்ளை, என் மகளைப் போன்றவள், மேடையில் தொடங்கட்டும். ஆசை வந்தபின் வகுப்பு. வீட்டில் மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வகுப்புதான் முதலில். மேடைக்கு எந்த வருடமும் போகலாம். ஒன்பதாம் ஆண்டில் விட்ட பாடத்தைப் பதினொன்றில் பிடிப்பது கஷ்டம். சர்ச்சுப் பள்ளியை இரண்டுக்கும் போட்டியாக நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே போகிற பிள்ளை தொடரட்டும். போகாத பிள்ளையை மொழிக்காக மட்டும் அனுப்பினால் ஒட்டாது.

பையன் வகுப்பில் சேர்ந்தான், பாலிஃபெஸ்ட் குழுவிலும் ஆடுகிறான். போன மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். இவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வகுப்பில் படித்தபடி “ஸூஸூ மாய்” என்றான். உள்ளே இருந்த பாட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் கிட்டே கூப்பிட்டு, வந்தவர் உரைத் தலைவர், அவருக்கு “மாலியூ மாய்” என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினார். அன்று மாலை முழுக்க, தெருவில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பட்டத்தையும் அவன் பாட்டியிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.