நகச்சொத்தைக்கு 14 மாதம் அமோரால்ஃபின்: கிட்னி மாற்றிக்கொண்ட எனக்கு எப்படி இருந்தது?

கிட்னி மாற்று அறுவை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரட்னிசலோன் மூன்றும் தினமும் உண்டு. மூன்றாம் வருடத்தில் வலது கால் கட்டைவிரல் நகம் நுனியில் மஞ்சளாகித் தடித்தது. கீறினால் அடியிலிருந்து மாவு மாதிரி உதிரும்.

முதலில் நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் நகத்தைக் காட்டினேன், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் 6-லிருந்து 15-க்கு ஏறியிருந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது. டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை இட்ராகோனசோல் தடுத்துவிடுகிறது, அதனால் மருந்து உடம்பிலேயே தேங்குகிறது. ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் இதே வேலையைச் செய்யும். மாற்று உறுப்போடு இருப்பவர்கள் தயவுசெய்து கிட்னி டாக்டரைக் கேட்காமல் பூஞ்சை மாத்திரை எதையும் தொடாதீர்கள்.

அப்புறம் தோல் டாக்டர் நகத்துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர நான்கு வாரம். காத்திருந்தது நல்லதுதான், சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும் நகம் இப்படித்தான் தடிக்கும். ஃபியூசேரியம் மாதிரியான பூஞ்சையாக இருந்தால், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கு நகத்திலிருந்து ரத்தத்துக்கே பரவக்கூடும். எனக்கு வந்தது சாதாரண நகப்பூஞ்சை.

அமோரால்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு எழுதிக் கொடுத்தார். பூச்சிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம் என்பதால் மற்ற மருந்துகளோடு மோதாது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை குளித்து நன்றாகத் துடைத்த பிறகு. முதலில் அட்டை அரத்தால் நகத்தின் மேற்பரப்பை ராவ வேண்டும். பொடி பறக்கும், பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பூசி, ஐந்து நிமிடம் காலை நீட்டி உட்கார வேண்டும். அந்த அரத்தை நல்ல நகத்தில் வைக்கவே கூடாது.

மூன்று மாதம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நான்காம் மாதம் நகம் முளைக்கும் அடிப்பக்கத்தில் மெல்லிய பிறை மாதிரி இளஞ்சிவப்பு நகம் எட்டிப் பார்த்தது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் வளரும், அவசரப்பட்டுப் பயனில்லை. 14-ஆம் மாதம் நகம் முழுவதும் தெளிந்தது. ஒரு கோடு மட்டும் மிச்சம்.

ஆனால் இடது கால் இரண்டாம் விரலில் இந்தப் பூச்சு தோற்றுவிட்டது. அங்கே வெள்ளைத் திட்டு நுனியில் தொடங்கவில்லை, தோல் மடிப்பை ஒட்டி அடியில் தொடங்கியது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் அதிகம் பார்க்கிற வகை இது என்றார் டாக்டர். வேர்ப்பகுதிவரை போய்விட்டால் பூச்சு மட்டும் போதாதாம். கிரியேட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்ததால் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். டாக்ரோலிமஸ் அளவை அடிக்கடி பார்த்தார்கள், பெரிதாக மாறவில்லை. நாக்கில் ருசி கொஞ்ச நாள் மங்கியிருந்தது, பிறகு திரும்பிவிட்டது.

இப்போது எனக்கென்று தனி நெயில் கட்டர் வைத்திருக்கிறேன். குளித்ததும் விரலிடுக்குகளைத் துடைக்காமல் செருப்புப் போடுவதில்லை. போன வாரம் சுண்டுவிரல் நகத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன்.