மோரிஸ் மைனர் ஸ்டீயரிங் கிட்: எதற்குக் காசு போடலாம்?

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் ஸ்டீயரிங் ஆடினால் எல்லாரும் முதலில் மாற்றுவது ட்ராக் ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டு. விலை குறைவு, அரை நாள் வேலை. ஆனால் உயிரைப் பிடித்திருக்கும் பாகம் அது இல்லை, கீழ் டிரன்னியன்; சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டான ஸ்விவல் பின்னைக் கீழே தாங்கும் மரையுள்ள மூட்டு. முன்பக்க 'ரீபில்ட் கிட்' என்று பெட்டியாக விற்கப்படும் மறுஉற்பத்திப் பாகங்களை வாங்குமுன் இந்த ஒன்று மனதில் இருக்க வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த இந்தக் காரில் ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், அதாவது சிறு பல்சக்கரம் (பினியன்) பல்தண்டை (ராக்) இடமும் வலமும் நகர்த்தும் அமைப்பு. முன்சக்கரத்தின் பாரம் டார்ஷன் பாரிலிருந்து (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) சஸ்பென்ஷனின் கீழ்க்கை வழியாக டிரன்னியனுக்கு வந்து, அதன் மரையைப் பிடித்துக்கொண்டு ஸ்விவல் பின்னில் ஏறுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஸ்விவல் பின் அந்த மரைக்குள் சுழலும். கிரீஸ் போய்விட்டால் மரை தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் ஸ்விவல் பின் பிடுங்கிக்கொள்ளும். சக்கரம் மடிந்து காரின் மூலை தரையில் உட்கார்ந்துவிடும்.

அதனால் கிட் வாங்குமுன் அரைமணி நேரம் காருக்கடியில் செலவிடுங்கள். முதல் சோதனைக்கு ஜாக் வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில், எஞ்சின் அணைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு இடமும் வலமுமாக ஆட்டட்டும். மற்றவர் ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ட்ராக் ராட் எண்டில் தண்டு நகர்ந்து பந்து பின்தங்கினால் அது போய்விட்டது. ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறையைக் கையால் அமுக்கிப் பிடித்தால் உள்பந்தின் 'டக்' விரலில் படும். ராக்கே மொத்தமாக அசைந்தால் பாகம் எதுவும் மாற்ற வேண்டாம், கிளாம்ப் போல்ட்டை இறுக்கினால் போதும்.

பிறகு சேஸிக்கு அடியில் ஜாக் வைத்து சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். நின்றுவிட்டால் சக்கர பியரிங். நிற்காமல் கீழே ஆடினால் கீழ் டிரன்னியன். மேலே ஆடினால் மேல் டிரன்னியனோ லீவர் ஷாக் அப்சார்பரோ. இந்தக் காரில் ஷாக்கின் கைதான் மேல்கை, அதன் தண்டு தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். கிட்டில் ஷாக் வராது, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பெட்டிக்குள் இருப்பவை. ஸ்விவல் பின்னும் டிரன்னியனும் சோடியாக வந்தால் தயங்காமல் வாங்கலாம். பழைய பின்னில் புது டிரன்னியனை மாட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது; தேய்ந்த மரை புது மரையையும் சேர்த்துத் தின்றுவிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மரைத் திசை வேறு, மாற்றிப் போட முடியாது. பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் போட்டுக் கையாலேயே முறுக்கிப் பாருங்கள். கடைசி வரை ஒரே சீராகச் செல்ல வேண்டும். நடுவில் பிடித்தால் திருப்பிக் கொடுங்கள், வலுக்கட்டாயமாக முறுக்க வேண்டாம். பொருத்தும்போது அடிவரை இறுக்காமல், இரண்டு பக்கமும் முழு லாக் வரை (ஸ்டீயரிங் திரும்பும் கடைசி எல்லை) தடையில்லாமல் திரும்பும் அளவு தளர்த்தி விடுங்கள்.

ட்ராக் ராட் எண்ட் கிட்டில் பரவாயில்லை. கழற்றும்போது மரையில் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கூம்புத் தண்டைப் பிரிக்க மரை முனையில் அடிக்காமல், அது நுழைந்திருக்கும் ஸ்டீயரிங் கையின் துளைக்கு இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் விழுந்துவிடும். நட்டில் ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் மடிப்பு ஊசி) இருந்தால் புதியது கட்டாயம்.

ரப்பர்தான் பலவீனமான இடம். ராக்குக்குப் புதிதாக வரும் ரப்பர் உறைகள் நம் வெயிலில் சீக்கிரமே மடிப்பில் வெடிக்கின்றன. வெடித்தால் ராக்கின் கியர் ஆயில் ஒழுகி, மதிய மழையில் கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் தேங்கும் சேற்றுத்தண்ணீர் உள்ளே போகும். அதனால் ஒரு சோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஐபோல்ட் புஷ்ஷுக்கு (கீழ்க்கையின் உள்முனை மூட்டில் வரும் மெத்தை வளையம்) பாலியூரித்தேன் நல்லது. எஞ்சின் ஆயில் சொட்டினாலும் கூழாகாது. கொஞ்சம் விறைப்பு கூடும், ஏற்றுக்கொள்ளலாம். சிலிக்கோன் கிரீஸ் தடவித்தான் போட வேண்டும். ரப்பரே போடுபவர்கள், கார் தன் பாரத்தில் நின்ற பிறகுதான் நட்டை முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

எல்லாம் மாட்டிய பின் டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கிச் சாயும் அளவு, 3/32 அங்குலம் (சுமார் 2.4 மில்லிமீட்டர்). நவீன கார் அளவுக்கு மெஷினைத் திருப்பிவிடாமல் இந்த எண்ணை எழுதியே கொடுங்கள். இரு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீயரிங் வீல் நேராக நிற்கும். ஓனர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்துக்குப் போகிறவர்கள் இதை முடித்துவிட்டே போவது நல்லது.

கிட்டில் கிரீஸ் வராது. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சக்கரம் தொங்கும் நிலையில் டிரன்னியனுக்குக் கிரீஸ் அடியுங்கள். அப்போதுதான் பாரம் தாங்கும் மரைமுகத்துக்குள் கிரீஸ் புகும். பழையது முழுக்க வெளியேறிப் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். வெளிவருவது துருநிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அடுத்த வாரமே மறுபடி அடியுங்கள். நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு வாய்) அடைத்து ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள், அடுத்த சர்வீஸுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.