வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களிடம், கருக்கலைப்புக்கு ‘பர்மிஷன் ஃபைல்’ வேண்டும் என்று ஒரு கும்பல் பணம் பிடுங்குகிறது. பார்த்து இருங்கள்!

23,500 ரூபாய் போச்சு. அதற்கு வந்து சேர்ந்தது இரண்டே இரண்டு மாத்திரை.

எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, பிரெஞ்சு பாஸ்போர்ட். புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களை, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பிரான்சில் அவசரக் கருத்தடை மாத்திரை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே இலவசம், கருக்கலைப்பு 14 வாரம் வரை சட்டப்படி உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கருக்கலைப்பு மாத்திரையை ஃபோனில் தேடியிருக்கிறாள். வீட்டுக்கே மருந்து அனுப்பும் ஓர் ஆன்லைன் தளம், அதற்குள் ஒரு விற்பனையாளர், அவன் கொடுத்த வாட்ஸ்அப் எண். மாட்டிக்கொண்டாள்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஆள் விழுகிறார்கள். பணப் பேச்சே முதலில் இல்லை. ஒரு பெண் குரல், நிதானமாக, “கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி சொல்லும்மா” என்று கேட்டிருக்கிறது. ரத்த குரூப் என்ன, முன்னாடி சிசேரியன் உண்டா, காப்பர்-டி உள்ளே இருக்கா, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுக்கிறாயா என்று வரிசையாக. அத்தனையும் உண்மையான மருத்துவர் கேட்கிற கேள்விகள். கேள்வி சரியாக இருந்ததால் ஆளும் சரி என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? கடைசியில், “நீ ஃபாரினர், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா எம்பசிக்கு லெட்டர் போயிடும், நாங்க ரகசியமா முடிச்சுத் தர்றோம்” என்றது அதே குரல்.

பதிவுக்கு 1,500. ‘ஃபாரினர் பர்மிஷன் ஃபைல்’, கல்யாணச் சான்றுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுக் காகிதம் செல்லும் என்று போடும் முத்திரை) என்று 12,000. மருந்துக்கு 10,000. அவளுடைய பிரெஞ்சு கார்டு யூபிஐயில் ஏறாது. ஆஸ்பத்திரி அட்வான்ஸ் என்று சொல்லி என் கணக்கிலிருந்து போடச் சொன்னாள். அப்படித்தான் அந்த 23,500 என் கணக்கிலிருந்து போனது.

கூரியரில் வந்ததைப் பாருங்கள். பழுப்பு உறை, உள்ளே கத்தரித்த ஃபாயில் துண்டு, இரண்டு மாத்திரை. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும் ஓரத்தை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்திருந்தார்கள். நல்லவேளை, விழுங்குமுன் என்னிடம் காட்டினாள். மருந்துக்கடையில் நிற்கிறவள் நான், பார்த்ததும் வயிறு எரிந்தது.

இந்தியாவில் கருக்கலைப்பு கிட்டில் மொத்தம் ஐந்து மாத்திரை: மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. முதல் மாத்திரை கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் நான்கும் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகின்றன. முதலாவது இல்லாமல் பின்னதில் இரண்டை மட்டும் போட்டால் ரத்தம் போகும், கரு போகாமல் நிற்கலாம். பாதி கலைந்து உள்ளே தங்கினால் கிருமித் தொற்று. கர்ப்பம் தொடர்ந்தால் குழந்தைக்கு உறுப்புக் குறை வரும் அபாயமும் உண்டு. கரு குழாயில் தங்கியிருந்தால் எந்த மாத்திரையும் வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் ஸ்கேன். முழு கிட்டின் விலை சில நூறு ரூபாய்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையும் அதை விற்கக் கூடாது, கூரியரில் அனுப்புகிறவன் யாராக இருந்தாலும் சட்டத்தை மீறுகிறான்.

திருப்பிக் கேட்டோம். விற்பனையாளர்: “மேடம், ஸ்டாக் கஸ்டம்ஸ்ல நிக்குது, மீதி நாளைக்கு வரும்.” வரவில்லை. அந்தப் பெண் குரல் போய் ஓர் ஆண் குரல் வந்தது: “ஜாஸ்தி பேசினா போலீஸ்ல சொல்லி உங்க பாஸ்போர்ட்டை முடக்கிருவோம்.” பிறகு பிளாக். தளத்தின் கஸ்டமர் கேரோ, “நாங்க இடம் மட்டும்தாங்க குடுக்குறோம், செல்லரை நீங்களே பாத்துக்கணும்” என்று கைவிரித்தது. வங்கியில், “நீங்களே பின் போட்டு அனுப்பினது தானே” என்றார்கள். ஆளாளுக்குத் தட்டிக்கழித்தார்கள். 23,500 ரூபாய், மாசக் கடைசியில்!

அந்தக் கும்பல் சொன்னதில் ஒரு வரிகூட உண்மையில்லை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் ‘கர்ப்பிணிப் பெண்’ என்றுதான் பேசுகிறது, குடியுரிமை கேட்பதில்லை. எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) அனுமதி என்ற காகிதமே அதில் கிடையாது. 18 வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து ஒன்று போதும். புருஷன் கையெழுத்தும் வேண்டாம், கல்யாணச் சான்றும் வேண்டாம். 2021 திருத்தத்தில் ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ வந்துவிட்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, அதற்கு மேல் 24 வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருவர் கருத்து. மாத்திரை முறை 9 வாரம் வரை. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. எம்பசிக்குக் கடிதமாம்! பெண்ணின் பெயரை வெளியே சொன்ன மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

பிறகு முறையான இடத்தில் ஸ்கேன் எடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் முடிந்தது. பெண் நலம்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்தக் கோபத்தில் வருவது இவ்வளவுதான்.

கருக்கலைப்பு செய்ய அரசு மருத்துவமனைகளுக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனை, ஜிப்மர். கடலூரில் தலைமை மருத்துவமனை. தனியாரானால் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆதார் இல்லை என்று ஸ்கேன் சென்டரில் விரட்டினால் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள், அதுவும் அடையாளச் சான்றுதான்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு வேண்டாம், உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடலூர்ப் பக்கம் பல கடைகளில் வைப்பதே இல்லை. கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டாலும் தடுக்கும், பத்து வருடம் நிற்கும்.

கருக்கலைப்பு மாத்திரை போட்ட பிறகு மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. முடிந்த பிறகு சில வாரம் யூரின் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மாத்திரை வாங்காதீர்கள்.

பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், கூரியர் உறையைக் குப்பையில் போடாதீர்கள், அனுப்புநர் முகவரியும் டிராக்கிங் எண்ணும் அதில்தான் இருக்கும். பாஸ்போர்ட்டை முடக்குவோம் என்று மிரட்டினால் அதையும் ரெக்கார்டு செய்து புகாரோடு சேருங்கள்.