குளிர்திறன் அலகு மாற்றும் செயலி: கணக்கு சரி, பட்டியல் சரியில்லை

கம்ப்ரசரின் அட்டவணை வாட்டில் இருக்கும். பழைய குளிரறையின் வெப்பச்சுமைக் கணக்கு மணிக்கு இத்தனை கிலோகலோரி என்று எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளரோ டன்னில்தான் கேட்பார். இவை அனைத்தையும் ஒரே திரையில் காட்டுவதால் சில மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இலவசக் கைபேசிச் செயலி ஒன்றைப் பற்றியது இம்மதிப்பீடு.

கணக்கில் குறை காண முடியவில்லை. 2,000 பவுண்டு பனிக்கட்டி 0 பாகை செல்சியஸில் 24 மணி நேரத்தில் உருகி முடிக்கத் தேவையான வெப்பத்திலிருந்து பிறந்ததே குளிர்பதன டன். பவுண்டுக்கு 144 பி.டி.யு. (பிரித்தானிய வெப்ப அலகு) என்று கொண்டால் அது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.517 கிலோவாட், அல்லது மணிக்கு 3,024 கிலோகலோரி. பலர் மனக்கணக்கில் செய்வதுபோல் 3.5 என்று சுருக்காமல், இச்செயலி தசமங்களை விடாமல் பெருக்குகிறது. அறை ஏசிக்கு அந்தச் சுருக்கம் பொருட்டல்ல என்றாலும், 500 டன் சில்லருக்கு (நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்) 1,758 கிலோவாட் என்று வரவேண்டியது 1,750 ஆகிவிட்டால் இரண்டு டன்னுக்கும் மேலாகக் கணக்கிலிருந்து நழுவிவிடும். ஒன்றரை டன் என்று அழைக்கப்படும் ஏசியின் தகட்டில் உள்ள 5 கிலோவாட்டை உள்ளிட்டேன், 1.42 டன் என்று உண்மையைச் சொன்னது.

ஜப்பானிய டன்னைத் தனியாகக் கொடுத்திருப்பது பாராட்டுக்குரியது. 1,000 கிலோகிராம் பனிக்கட்டியை அடிப்படையாகக் கொண்ட அந்த டன் 3.86 கிலோவாட் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஏறத்தாழ 10 விழுக்காடு பிழை நேரும்.

குறை, குதிரைத்திறனை இதே பட்டியலில் சேர்த்ததில் இருக்கிறது. ஒரு டன்னுக்கு 4.72 குதிரைத்திறன் என்று செயலி காட்டுகிறது. இயற்பியலின்படி அது சரியே. ஆனால் இத்தொழிலில் குதிரைத்திறன் என்றால் கம்ப்ரசர் மோட்டாரின் திறன் என்றே எவரும் புரிந்துகொள்வர். சி.ஓ.பி. (எடுக்கும் மின்திறனைப்போல் குளிர்திறன் எத்தனை மடங்கு என்ற விகிதம்) 3.5 உள்ள ஏசி, ஒரு டன் குளிர்ச்சிக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் மின்சாரம், அதாவது சுமார் 1.35 குதிரைத்திறன் மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதே கம்ப்ரசரை உறைநிலைப் பெட்டியில், குளிர்பதனப் பொருளின் தாழ்ந்த ஆவியாதல் வெப்பநிலையில் இயக்கினால் அதன் குளிர்திறன் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், மோட்டார் திறனுக்கும் குளிர்திறனுக்கும் இடையே நிலையான பெருக்கெண் இருக்கவே முடியாது. இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

பி.டி.யு. என்ற தலைப்பில் 'மணிக்கு' என்ற சொல் விடுபட்டிருப்பது சிறு பிழைதான்; ஆயினும் வெப்பத்தின் அளவுக்கும் அது அகற்றப்படும் வேகத்துக்கும் வேறுபாடு கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது சிறியதன்று.

என் கைபேசியிலிருந்து இதை நீக்கப்போவதில்லை. குதிரைத்திறன் அந்தப் பட்டியலில் இருக்கும்வரை, என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.