மட்டக்குதிரையை மட்டாக மேய்ப்பது எப்படி?

வருஷம் முழுக்க வெளியில் புல்லிலேயே கிடக்கும் மட்டக்குதிரைக்கு என்ன தீனி போடலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, அதன் வாய்க்குப் போகும் புல்லை எப்படிக் குறைப்பது என்று. கரடான, சத்தில்லாத புல்லைத் தின்றே பிழைத்துப் பழகிய உடம்பு அது. கிடைக்கிற காலத்தில் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும், குளிர்காலத்தில் அதைக் கரைத்து நாளை ஓட்டும். நாம் உரம் போட்டு வளர்த்த புல்லில் விட்டு, குளிருக்குப் போர்வையும் கட்டிவிட்டால் சேர்கிற வேலை மட்டும்தான் நடக்கும், கரைகிற வேலை நடக்காது. அப்புறம் வருவது லாமினைடிஸ். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் திசு கெட்டு, காலை ஊன்றவே முடியாமல் போகும் நோய். பெரும்பாலும் இன்சுலின் கோளாறில் ஆரம்பிக்கிறது, அதற்குத் தூபம் போடுவது புல்லில் இருக்கும் சர்க்கரை.

சரி, வழிகளைப் பார்ப்போம். இஷ்டத்துக்கு மேயவிடுவது முதல் வழி. மண் வளமில்லாத மேட்டு நிலம், நிறைய பரப்பு, தினமும் வேலை செய்கிற குதிரை என்றால் இதுவே போதும். மற்றவர்கள் மறந்துவிடலாம்.

இரண்டாவது, பெரும்பாலானோர் நம்பிச் செய்வது: தினம் சில மணி நேரம் மட்டும் மேயவிட்டு, மீதி நேரம் அடைத்து வைப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை குறைவு. மட்டக்குதிரை சாமர்த்தியசாலி, நேரம் குறைவு என்று தெரிந்துகொண்டால் தலையைத் தூக்காமல் மேயும். 3 மணி நேரத்துக்குள் உடல் எடையில் ஏறக்குறைய 1 சதவீத அளவு உலர்பொருளை (புல்லில் உள்ள நீரைக் கழித்த எடை) உள்ளே தள்ளியதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 200 கிலோ குதிரையின் எடையைக் குறைக்க ஒரு நாளைக்குக் கொடுப்பது எடையில் 1.5 சதவீதம், அதாவது 3 கிலோ உலர்பொருள். அதில் 2 கிலோ அந்த 3 மணி நேரத்திலேயே போய்விட்டது! சரி குறைத்தாயிற்று என்று நாம் நிம்மதியாக இருக்க, அது மேலும் உருண்டுகொண்டிருக்கும். மீதி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்துவதும் தப்பு. குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும், தொடர்ந்து பல மணி நேரம் காலியாக இருந்தால் புண் வரும். இந்த வழியே கதி என்றால் நள்ளிரவுக்குப் பிறகு விட்டுக் காலையில் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை குறைவாக இருக்கும் நேரம் அது. உறைபனி விழுந்த காலைகளில் மட்டும் கணக்குத் தலைகீழ்: குளிரில் புல் வளராது, வெயிலில் செய்த சர்க்கரை செலவாகாமல் தண்டிலேயே தங்கியிருக்கும்.

வாய்க்கூடு போடுவது மூன்றாவது. பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. அடியில் சின்ன ஓட்டை உள்ள கூடையை மாட்டினால், மேயும் அளவு 80 சதவீதம் போலக் குறைகிறது. குதிரை கூட்டாளிகளோடு வெளியிலேயே நடமாடும், தண்ணீரும் குடிக்கும். தொல்லைகளும் உண்டு. மூக்கில் உராய்ந்து புண்ணாகும். புல் ரொம்பக் குட்டையாக இருந்தால் ஓட்டைக்குள் வராது, நீளமாக இருந்தால் மடங்கிப் படுத்துவிடும். கழற்றக் கற்றுக்கொண்ட கில்லாடிகளும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பகலெல்லாம் மாட்டிவிட்டு இரவு கழற்றிப் புல்லில் விட்டால் விட்டதையெல்லாம் இரவில் பிடித்துவிடும். கழற்றும் நேரத்தில் புல் இல்லாத இடத்தில் உலர்புல்லோடு நிறுத்த வேண்டும். வேலியில் சிக்கினால் அறுந்துகொள்ளும் பட்டையோடு மாட்டுங்கள்.

நான்காவது, மின்வேலியைத் தினம் கொஞ்சம் நகர்த்திப் புதுப் புல்லைக் கீற்றுக் கீற்றாகத் திறந்துவிடுவது. அளவு நம் கையில், குதிரைக்கும் மூஞ்சியில் எதுவும் இல்லை. ஆனால் நகர்த்த தினமும் ஆள் வேண்டும். இன்றைக்குச் சோம்பேறித்தனம், நாளைக்கு இரண்டு மடங்கு திறப்போம் என்று ஆரம்பித்தால் போச்சு.

கடைசி, புல்லே இல்லாத அடைப்பில் ஊறவைத்த உலர்புல் போடுவது. ஒரு தரம் லாமினைடிஸ் வந்த குதிரைக்கு இதுதான். தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெப்பமான நாளில் மணிக்கணக்கில் ஊறினால் கிருமி பெருகும். தாதுக்களும் கூடவே கரைந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது.

இவற்றில் என் ஓட்டு: புல் துளிர்க்கும் பருவத்தில் வாய்க்கூடு, மற்ற நாட்களில் நகரும் வேலி, நோய் தொட்ட குதிரைக்கு யோசிக்காமல் அடைப்பு. எதுவானாலும் குண்டாக இருக்கிறதே என்று திடீரெனப் பட்டினி போடாதீர்கள். உடம்பில் இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் வழிந்து கல்லீரலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும், மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அப்புறம் தொட்டித் தீனி. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்பது சும்மா இல்லை, போட்டதையெல்லாம் தின்னும். தானியம் இதற்குத் தேவையே இல்லை. புல்லிலும் உலர்புல்லிலும் பொதுவாகக் குறைவது செம்பு, துத்தநாகம் போன்றவைதான், உலர்புல்லில் வைட்டமின் ஈயும் குறைவு. அதற்கு நக்கும் தாதுக்கட்டியா, பேலன்சரா (தாதுவும் வைட்டமினும் செறிந்த, தினம் கொஞ்சமாகப் போடும் தீனி) என்றால் பேலன்சர்தான். கட்டியை ஒரு குதிரை நாளெல்லாம் நக்கும், இன்னொன்று திரும்பியே பார்க்காது. உப்புக்கட்டி தனியாக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் சூடு வேண்டுமே, தானியம் போடட்டுமா என்பார்கள். உலர்புல்லை அதிகமாகப் போடுங்கள். நார் பின்குடலில் நொதிக்கும்போதே வெப்பம் வந்துவிடும். கொழுத்த குதிரை அந்தப் பருவத்தில் கொஞ்சம் இளைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அடர்ந்த முடிக்குள் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை விலாவில் கையை அழுத்தி வைத்துப் பாருங்கள்.